மல்லி நின்றால் ஏறு

எத்திராஜ் முதலில் மூக்கைக் கொடுக்க மறுத்தார்.

"ரத்தம் வேணும்னா எடுத்துக்கோங்க மேடம். கைய நீட்டறேன். மூக்கு மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, பம்பிங் ஸ்டேஷன் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். அவர் குழுவில் இருந்த மற்ற இருவரும், பால்ராஜும் முனுசாமியும், அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் சரி என்றால்தான் அவர்களும் சரி என்பார்கள். பிரவீணா கையில் நீல மூடி போட்ட சின்ன பாட்டிலோடு நின்றாள். நாலு வருஷம் இராப்பகல் பாராமல் உழைத்துச் செய்த மருந்து அது. வேண்டாம் என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பது அவள் யோசித்தே பார்க்காத விஷயம்.

புதுத்துறை நகரம் உருவாகி இருபது வருஷம்தான் ஆகிறது. அங்கே சாக்கடைக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்று கண்டிப்பான சட்டம் இருக்கிறது. இறங்குவது இயந்திரம். எட்டுக் காலும் இரண்டு கொடுக்கும் இருப்பதால் அதற்கு நண்டு என்று பெயர். நல்ல நண்டுதான், ஆனால் வாரத்துக்கு இரண்டு முறையாவது எங்காவது சிக்கிக்கொள்ளும். அப்போது ஒரு ஆள் உள்ளே போய்க் கயிறு மாட்டி அதை இழுத்துவர வேண்டும். அந்த ஆளின் அடையாள அட்டையில் ‘இயந்திர மீட்பு உதவியாளர்’ என்று அச்சடித்திருக்கும். மனிதன் சாக்கடையைச் சுத்தம் செய்ய இறங்கவில்லை, இயந்திரத்தைக் காப்பாற்றத்தான் இறங்குகிறான், ஆகவே சட்டம் பத்திரமாக இருக்கிறது. இந்த விளக்கத்தைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு யாராவது பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.

பிரவீணாவை அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. அவள் உண்மையாகவே மனம் கசிந்து இந்த வேலைக்கு வந்தவள். குழிக்குள் இறங்கும் ஆட்கள் காலையிலேயே குடித்துவிட்டு வருவதையும், குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் தலையை நுழைக்க முடியாது என்பதையும் நேரில் பார்த்திருந்தாள். நாற்றத்தை நிறுத்த வழியில்லை. மூக்கை மாற்ற வழி இருக்கிறதே என்று நினைத்தாள். அது நல்ல எண்ணம் என்று அவளுக்கு அன்று துளி சந்தேகமும் இல்லை.

அவள் பையிலிருந்து ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்தாள்.

"மூக்கை இறுக்கப் பிடிச்சுக்கிட்டு இதை வாயில போடுங்க எத்திராஜ். என்ன ருசி?"

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சப்பினார். "சக்கர. கொஞ்சம் புளிப்பு."

"இப்ப விடுங்க."

விட்டதும் எத்திராஜின் புருவம் ஏறியது. "அட, கமலா ஆரஞ்சு!"

"நாக்குக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் கறிக்குழம்புல இருக்குமே ஒரு சாரம், அது. மிச்ச ருசி எல்லாம் மூக்குதான். நாம மெல்லும்போது வாய்க்குப் பின்பக்கமா ஒரு வழியில வாசனை மேல ஏறுது. மூக்கோட உச்சியில தபால்தலை அளவு ஒரு இடம். அதுல நானூறு தினுசு காலிங் பெல் மாதிரி வெச்சுக்கோங்க. கந்தக வாசனை வந்தா ஒரு பெல், பூ வாசனை வந்தா வேற பெல். எந்த பெல் அடிக்குதோ, அதைத்தான் மூளை நம்பும். வாசல்ல நிக்கிறது யாருன்னு அது எட்டிப் பாக்காது."

"உங்க மருந்து இன்னா பண்ணும்?"

"கந்தகத்தோட வயரை எடுத்து மல்லிப்பூவோட பெல்லுல மாட்டிடும். அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற இடத்துல மல்லி வாசம் வரும். குடிக்காம இறங்கலாம்."

பால்ராஜ் சிரித்துவிட்டான். எத்திராஜ் சிரிக்கவில்லை.

"மேடம், நாத்தம் எங்களுக்கு வேண்டாதவன் மாதிரிதான். ஆனா கூடவே இருக்கிறவன். அவன் இருக்கிற வரைக்கும் எங்களுக்கு ஒரு தைரியம். எப்பிடின்னா…"

அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அடித்தது. அவள் வேலை செய்யும் மருந்துக் கம்பெனியின் மேலாளர் மோகன்ராம். அவள் ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு நகர்ந்தாள். ஒரு நிமிஷம் பதினைந்து நிமிஷமாயிற்று. திரும்பி வந்தபோது எத்திராஜ் எழுந்து நின்றிருந்தார்.

"எங்க வீட்ல அமுலு, குடிய விட்டாப் போதும்னு கோயில் கோயிலா ஏறுது. சரி, ஊத்துங்க" என்று முகத்தை வானத்தைப் பார்க்கத் தூக்கினார். விட்ட இடத்திலிருந்து அவர் தொடரவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளிடம் முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. அதை முடிக்கும் அவசரம்.

மருந்து வேலை செய்தது. பிரவீணா முதலில் தன் மூக்கில்தான் ஊற்றிப் பார்த்திருந்தாள், அதனால் அவளுக்கு அதில் ஆச்சரியமில்லை. மல்லி என்று முடிவு செய்தது ஒரு கமிட்டி. சந்தனமா, ரோஜாவா, மல்லியா என்று குளிரூட்டிய அறையில் ஓட்டெடுத்தார்கள், மல்லி ஜெயித்தது. இறங்குகிறவர்களுக்கு அந்த ஓட்டெடுப்பில் ஓட்டு கிடையாது. ஆனாலும் பங்குனி முடிவதற்குள் எத்திராஜ் குடியை விட்டார். முனுசாமியும் விட்டான். நகரத்தின் அறுபது குழுக்களுக்கும் பாட்டில் போயிற்று. பத்திரிகையில் பிரவீணாவின் படம் வந்தது, அவள் அம்மா அதை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

ஒவ்வொரு குழுவும் இறங்கி ஏறியதும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மருந்து எப்படி இருந்தது, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இரண்டு வரி. சீட்டுகளைப் படித்து ரகம் பிரிப்பது கணினியின் வேலை. புகார், பாராட்டு, பிற என்று மூன்று கூடை வைத்திருந்தது. பிரவீணாவிடம் வந்து சேர்ந்தது வரைபடம் மட்டும்தான்.

ஆவணி மாதக் கூட்டத்தில் மோகன்ராம் திரையில் இருந்த வரைபடத்தில் ஒரு சிவப்புக் கம்பத்தைக் காட்டினார்.

"எத்திராஜ் குழு. நம்ம முதல் குழு, நம்ம விளம்பரத்துல வர்ற குழு. அவங்க மட்டும் நாற்பத்தொரு புகார். எல்லாம் ஒரே புகார். வாசம் பாதியில நின்னுடுதாம். மத்த குழுவும் இதையேதான் சொல்றாங்க. என்னம்மா பிரவீணா இது?"

"அது இயல்புதான் சார். மூக்கு சலிச்சுப்போகும். பவுடர் பூசினவளுக்குத் தன் பவுடர் வாசம் பத்து நிமிஷத்துல தெரியாமப் போகும்ல, அது மாதிரி."

"பவுடர் கம்பெனி அதைச் சொல்லிட்டு உக்காந்திருக்கலாம். நாம சொல்ல முடியுமா? ஷிஃப்ட் முடியற வரைக்கும் மணக்கணும். முடியுமா, முடியாதா?"

முடியும் என்றாள். முடியும் என்பதுதான் அவள் கெட்டிக்காரத்தனம், அவள் துரதிர்ஷ்டமும் அதுவே. அந்த நாற்பத்தொரு சீட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று ஒன்றையாவது வரவழைத்துப் படித்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் புது மருந்து தயாரானது. கந்தகம் ஒரு முறை பட்டால் போதும், அந்த வாசனையின் நரம்பணு திறந்த கதவாக நின்றுவிடும். பிறகு கந்தகம் கூடினாலும் குறைந்தாலும், ஏன், மூக்கே மரத்துப்போனாலும், ஆறு மணி நேரத்துக்கு மல்லி மணக்கும். வழக்கம்போல அவள் தன் மூக்கில் ஊற்றிக்கொண்டு கந்தகக் குப்பியை முகர்ந்தாள். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை மல்லி கூடவே இருந்தது. சலிப்பே இல்லாத வாசனை. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளலாம் போல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை குழுக்களுக்குப் புது பாட்டில் போனது. நீல மூடி பச்சை மூடியானது, குழுக்களுக்குத் தெரிந்த மாற்றம் அது ஒன்றுதான். விவரம் சொல்லும் துண்டுச்சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது.

அதே வாரம் சனிக்கிழமை காலை, சாப்பாட்டு ருசி பற்றிய இன்னொரு படிவத்தோடு பிரவீணா எத்திராஜின் வீட்டுக்குப் போனாள். வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. முதல் நாள் பெய்த மழையில் படிக்கட்டெல்லாம் ஈரம். அமுலு கதவைத் திறந்து, கையில் அரிவாள்மனையோடு சிரித்தாள்.

"வாங்க மேடம். அவரு இல்லியே. மழைத்தண்ணியில நண்டு மாட்டிக்கிச்சாம், மீன் மார்க்கெட் பக்கம். எட்டு மணிக்கே கூட்டிக்கினு போயிட்டாங்க. உள்ள வாங்க, டீ போடறேன்."

அமுலு மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை செய்கிறவள். பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. அடுப்படியிலேயே பாயைப் போட்டு பிரவீணாவை உட்காரவைத்துவிட்டு வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள்.

"ருசி எப்படி இருக்கு, அவருக்கு?" பிரவீணா படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அத ஏன் கேக்கறீங்க. வெங்காயம், பூண்டு, முட்ட, கருவாடு எல்லாமே அவருக்கு மல்லிப்பூதான். பூவ வதக்கித் தின்ன மாதிரி கீதுன்னு தட்டத் தள்ளிட்டாரு. எனக்கும் புள்ளைங்களுக்கும் ஒரு கொழம்பு, அவருக்கு மோரு சோறு. ஒரு நாள் ஆசையா கருவாட்டுக் கொழம்பு வெச்சேன் மேடம். ஒரு வாயி வெச்சாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு அந்த மனுசனுக்கு."

பிரவீணா எழுதினாள். கந்தகம் கலந்த எல்லாவற்றிலும் அந்த மாற்றம் வரும் என்று அவளுக்கு முன்பே தெரியும். ஏட்டில் அதற்குப் பெயர் பக்கவிளைவு.

"அதுகூடப் பரவால்ல" என்று அமுலு குரலைத் தாழ்த்தினாள். "தலையில பூ வெக்காதேன்னு சொல்லிட்டாரு. பூ வெச்சுக்கினு பக்கத்துல வந்தா, குழிக்குள்ள இருக்கிற மாதிரியே இருக்குதாம். ஏழு மாசமா வெக்கல." அவள் வெறுந்தலையைத் தொட்டுக்கொண்டாள். "ஆனா ஒண்ணு மேடம், பொய் சொல்லக் கூடாது. குடிய விட்டாரு. அதுக்காக உங்க கால்ல விழலாம். நான்தான் மொதல்ல பயந்தேன். நாத்தமே தெரியலன்னா எப்பிடி ஏறுவீங்கன்னு சண்ட போட்டேன்."

"ஏறுறதா? நாத்தத்துக்கும் ஏறுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

அமுலு அவளை வியப்போடு பார்த்தாள்.

"என்னா மேடம், உங்களுக்குத் தெரியாதா? கீழ நாத்தம் அடிச்சா பயமில்ல. அடிச்சுக்கினே இருந்து, டபக்குனு நின்னு போச்சுன்னா விஷக்காத்து ஏறிடுச்சுன்னு அர்த்தம். மூக்கு செத்துடும். அப்புறம் நாலு மூச்சு, அஞ்சு மூச்சுதான். அதுக்குள்ள ஏணியப் புடிச்சுடணும். நாத்தம் நின்னா ஏறு. குழியில இறங்கறவனுக்கு அதான் மொதப் பாடம்."

"கேஸ் மீட்டர் குடுத்திருக்காங்களே?"

"அந்த மஞ்சப் பொட்டியா? அது தெருவுலயே கத்தும். அத நம்புனா ஒரு குழியும் இறங்க முடியாதுன்னு வாயில டேப் ஒட்டி வெச்சிருக்காங்க. இவரு சொன்னாரு, பயப்படாதடி, நாத்தம் மாதிரியேதான் இதுவும், விஷக்காத்து வந்தா மல்லியும் நின்னுடுது, மல்லி நின்னா ஏறிடறோம்னு. அதத்தான் சீட்டுல எழுதிக் குடுக்கறாரே, நீங்க படிக்கலையா?"

அலமாரியிலிருந்து அவள் ஒரு கட்டு எடுத்து வந்தாள். சீட்டுகளின் நகல். எத்திராஜ் எல்லாவற்றையும் வரிசையாக நூலில் கோத்து வைத்திருந்தார். குண்டு குண்டான எழுத்து.

‘மல்லி நின்றது. ஏறிவிட்டோம். மூவரும் நலம்.’

அடுத்த சீட்டு. ‘மல்லி நின்றது. முனுசாமிக்கு மயக்கம். ஏற்றிவிட்டோம். நலம்.’

அதற்கடுத்தது. ‘மல்லி நின்றது. உடனே ஏறினோம். மருந்துக்கு நன்றி.’

அவள் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லை, சிவப்புக் கம்பத்தின் மேல் ஆவணியிலேயே நாற்பத்தொன்று என்று போட்டிருந்ததை அவளே பார்த்தாள். புகார் என்று அவர்கள் வாங்கி வைத்தது ஒவ்வொன்றும் மூன்று பேர் உயிர் பிழைத்த சேதி. அந்தச் சேதியைத்தான் அவள் இரண்டு மாதம் உழைத்து நிறுத்தியிருந்தாள்.

"அமுலு, புதன்கிழமைக்கு அப்புறம் அவர் இறங்கினாரா?"

"இல்ல மேடம். இன்னிக்குத்தான். ஏன், மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப் போச்சு?"

பிரவீணா கைபேசியை எடுத்தாள். விரல் இரண்டு முறை தப்பான பெயரில் பட்டது. எத்திராஜின் எண் அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் பால்ராஜ் எடுத்தான்.

"மேடம், பால்ராஜ். அண்ணன் ஃபோன எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்காரு. உள்ள இருக்காரு."

"மேல ஏறச் சொல்லுங்க! இப்பவே! முனுசாமி எங்க?"

"அவனும் கீழதான். நண்டு ரெண்டு பேரு தூக்கற எடை." பால்ராஜின் குரல் தள்ளிப்போய்க் குழிக்குள் கேட்டது. "அண்ணா! மேடம் ஏறச் சொல்றாங்க!"

அடியிலிருந்து எத்திராஜின் குரல், குழாய்க்குள் பேசுவதுபோல, ஆனால் தெளிவாக வந்தது. "மல்லி நல்லா வருதுடா! ஒரு கொக்கிதான் பாக்கி. மாட்டிட்டு வந்துடறோம்னு சொல்லு!"

அமுலு வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"வாசத்தை நம்பாதீங்க!" பிரவீணா கத்தினாள். "பால்ராஜ், சொல்லுங்க, அந்த வாசம் பொய்! அது நிக்காது! விஷக்காத்து வந்தாலும் நிக்காது!"

"அண்ணா! மேடம் வாசத்த நம்பாதேன்றாங்க!"

கீழே எத்திராஜ் சிரித்தார். களைத்த, நல்ல சிரிப்பு. "அவங்க குடுத்த வாசம்தானேடா!"

பிறகு ஒரு பொருள் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"அண்ணா? டேய் முனுசாமி? அண்ணா!"

"பால்ராஜ், இறங்காதீங்க. உங்க கால்ல விழறேன், நீங்க இறங்காதீங்க. ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லுங்க."

"அண்ணன் மேடம், அண்ணன் கீழ…"

"இறங்கினா நீங்களும் வர மாட்டீங்க!"

பால்ராஜ் இறங்கவில்லை. அவனை மட்டுமாவது காப்பாற்றினோம் என்று பிரவீணா பின்னால் நினைத்ததுண்டு. அப்படி நினைத்தபோதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அமுலுவை ஏற்றிக்கொண்டு வந்து மீன் மார்க்கெட் தெருவில் அவள் காரை நிறுத்தியபோது மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. முகமூடியும் காற்றுக் குடுவையும் மாட்டிய தீயணைப்பு வீரர்கள் எத்திராஜைத் தூக்கிவந்து பலகையில் கிடத்தினார்கள். முனுசாமியை இன்னும் எடுக்கவில்லை. கூடியிருந்தவர்கள் எல்லாரும் துண்டாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு கான்ஸ்டபிள் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

மூக்கில் ஊற்றிய மருந்து இன்னும் இறங்காத பிரவீணாவுக்கு மட்டும், புதுப்பூ கூடை கூடையாகக் கொட்டியதுபோல மல்லி மணத்தது. அவள் குழியின் விளிம்பில் மண்டியிட்டாள். மூச்சு விடாமல் இருந்து பார்த்தாள், அப்போதும் மணத்தது. அவள் செய்த மருந்தில் குறை எதுவும் இல்லை.

அமுலு புருஷனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு கை அவர் நெற்றியைத் துடைத்தது, மறு கையால் முந்தானையை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அழவில்லை. வெகுநேரம் கழித்து நிமிர்ந்து, மூடாத முகத்தோடு நின்ற பிரவீணாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நாறலையா மேடம்?" என்று கேட்டாள்.



திங்கட்கிழமை காலை, பச்சை மூடி பாட்டில்கள் அத்தனையையும் திருப்பி வாங்க வேண்டும் என்று மோகன்ராமிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மீட்டர் வாயில டேப் ஒட்டினது காண்ட்ராக்டர். முகமூடி குடுக்காதது காண்ட்ராக்டர். நம்ம மருந்துல என்ன தப்பு? வேலை செய்யலையா? விசாரணை முடியட்டும்மா. அதுவரைக்கும் எதைத் திருப்பி வாங்கறதுக்கும் ஆதாரம் வேணும். புகார் வேணும்." அவர் திரையைத் திறந்து காட்டினார். "பாரு. அறுபது குழு. புதன்கிழமையிலருந்து வாசம் நின்னதா ஒரு புகார்கூட இல்லை."

சிவப்புக் கம்பம் இருந்த இடம் காலியாக இருந்தது. மீதி ஐம்பத்தொன்பது குழுக்களும் அன்று எங்கெங்கோ மூடியைத் திறந்துகொண்டிருந்தன. பிரவீணா ஒவ்வொரு மேஸ்திரிக்கும் போன் செய்யத் தொடங்கினாள். பாதிப் பேர் எடுக்கவில்லை, இறங்கியிருந்தார்கள். எடுத்தவர்களில் ஒருவர், "கம்பெனி லெட்டர் வந்தா நிறுத்தறோம் மேடம், வாய்ச்சொல்லுக்கு வேலைய நிறுத்தினா எங்கள விட மாட்டாங்க" என்றார்.

புகார் வேண்டும் என்றார்களே. அவள் ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்தாள். குழுவின் பெயர் என்ற இடத்தில் எத்திராஜ் என்று எழுதினாள். தேதி சனிக்கிழமை. அவர் எழுதுவதுபோலவே சுருக்கமாக, குண்டு எழுத்தில் எழுதினாள்.

‘மல்லி நிற்கவில்லை. ஏறவில்லை.’

சீட்டைக் கணினிக்குப் படித்துக் கொடுக்கும் இயந்திரத்துக்குள் செருகிவிட்டு மறுபடி போனை எடுத்தாள். மாலை நாலு மணிக்குத் திரையைத் திறந்து பார்த்தாள். புகார்க் கூடையில் எதுவும் இல்லை. பச்சைக் கம்பம் ஒன்று மட்டும் புதிதாக முளைத்திருந்தது. எத்திராஜ் குழு, பாராட்டு, ஒன்று.